தம்பி சொன்னது: ஒரு மக்ரோ, மூன்று மொத்தங்கள்



இந்தக் கிழமை எபிசோடில் எக்செல் மக்ரோ பிழைகளைப் பற்றிக் கதைத்துக்கொண்டு போய், பாதியில் "மிச்சத்தை மடலில எழுதிறன்" என்று சொல்லித் தப்பிவிட்டேன். அதுக்குக் காரணம் இரண்டு. கோட்டை வாயால் வாசித்துக் காட்ட ஏலாது. கேட்கிறவர்களில் பாதிப்பேர் 401 நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள். மற்றக் காரணம், இந்தக் கதையில் பிழை விட்டவன் நான்தான். மைக்குக்கு முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை. எழுதுவது கொஞ்சம் சுகம்.

ஸ்காபரோவில் எங்கள் ஊர்ச் சங்கம் ஒன்று இருக்கிறது. பெயர் வேண்டாம். மாதம் 20 டொலர் சேர்த்து, ஊரில் பின்னேர வகுப்புக்கு வரும் பிள்ளைகளுக்குச் சாப்பாடும் ஆசிரியர்களுக்குச் சின்னச் சம்பளமும் அனுப்புகிற சங்கம். பதிவு செய்த அறநிலையம் இல்லை, வருமான வரிக்கு ரசீது எல்லாம் தர ஏலாது. ஆனாலும் ரசீது கொடுப்போம். வெள்ளைத் தாளில் பெயர், தொகை, நன்றி. அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

அந்த ரசீதை அடிக்கிற எக்செல் பைலை 2004இல் எழுதினவர் ஒரு மாமா. சொந்த மாமா இல்லை, அப்பாவோடு படித்தவர். ஊரில் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவர். இங்கே வந்து பக்டரி வேலை, ஓய்வுக்குப் பிறகு இந்தக் கணக்கு. கொம்பியூட்டர் படித்தவர் இல்லை. எக்செலில் 'ரெக்கோர்ட் மக்ரோ' என்று ஒன்று இருக்கிறது தெரியும்தானே? நீங்கள் அமத்துவதையும் தட்டுவதையும் அது பார்த்திருந்து, விபிஏ மொழியில் எழுதி வைத்துக்கொள்ளும். மாமா ஒரு ரசீதைக் கையால் அடித்து அதைப் பதிவு பண்ணி, பிறகு நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பார்த்து அதைச் சுற்றி ஒரு லூப் போட்டிருக்கிறார். கோட் முழுக்க இந்தச் செல்லைத் தெரிவுசெய், அந்தச் செல்லைத் தெரிவுசெய் என்று ஒரே அலைச்சல். ஆனால் ஓடியது. பதினெட்டு வருசம் ஓடியது.

மாமா 2022இல் காலமானார். 2023 தையில் கணக்கை ஓர் அக்கா பொறுப்பெடுத்தா.

ஒரு வருசம் கழித்து, 2024 தையில் அக்காவின் போன். "தம்பி, புது லப்டொப் வாங்கினனான். மாமாவின்ர பைல் ஓடுதில்லை. திறந்தாச் சிவப்பாக் கோடு வருது. ஒருக்காப் பாத்துச் சொல்லுவீரோ? ஆண்டுக் கணக்கு அடுத்த கிழமை குடுக்கோணும்."

மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னேன். எனக்கும் சிவப்புக் கோடுதான் வந்தது. இது பிழையே இல்லை, காவல். இணையத்தால் வந்த பைலுக்கு விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத ஒரு முத்திரை குத்தும். முந்தி மஞ்சள் பட்டையில் 'எனேபிள் கொன்டென்ட்' என்று ஒரு பொத்தான் வரும், எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டு அமத்துவோம். மக்ரோ வழியாக வைரஸ் அனுப்புகிற கூட்டத்துக்கு அது பெரிய வசதி. 2022இல் மைக்ரோசொப்ட் அந்தப் பொத்தானைத் தூக்கிவிட்டு, முத்திரை குத்திய பைலில் மக்ரோவை முழுசாக மறிக்கத் தொடங்கியது. அனுப்பினவரைத் தெரியும், பைலையும் தெரியும் என்றால் மட்டும்: பைலின் மேல் வலது கிளிக், 'ப்ரொப்பர்ட்டீஸ்', கீழே 'அன்புளொக்' என்று ஒரு சின்னப் பெட்டி. சரி போட்டுவிட்டுத் திரும்பத் திறக்க வேண்டும். வேறு எங்கேயும் போய் எல்லா மக்ரோவையும் அனுமதி என்று மாற்றி வைக்காதீர்கள். வீட்டுக் கதவைக் கழற்றி வைப்பது போல அது.

அடுத்தது கொம்பைல் எரர். இந்தக் கோட்டை 64 பிட்டுக்கு ஏற்ற மாதிரி மாற்று என்று ஒரு நீளமான வசனம். மாமா ஒவ்வொரு ரசீதுக்கும் பிறகு பிரிண்டர் மூச்சு விடட்டும் என்று ஒரு வினாடி நிறுத்துவதற்கு விண்டோஸின் 'ஸ்லீப்' என்கிற செயலியை வெளியிலிருந்து கூப்பிட்டிருந்தார். பழைய லப்டொப்பில் 32 பிட் எக்செல், ஒரு குறையும் இல்லை. புதுசில் 64 பிட். ஓஃபிஸ் 2019இலிருந்து, நீங்கள் கேட்காவிட்டால் 64 பிட்தான் இறங்கும். மருந்து ஒரு சொல்: 'டிக்ளேர்' என்று தொடங்கும் வரியில் அந்தச் சொல்லுக்குப் பிறகு 'பிடிஆர்சேஃப்' என்று சேர்க்க வேண்டும். வெளிச் செயலிக்கு விண்டோவின் அடையாளம், நினைவக முகவரி போன்றவற்றைக் கொடுக்கும் வரி என்றால் அந்த மாறியின் வகையையும் 'லோங்பிடிஆர்' என்று மாற்ற வேண்டி வரும். 'ஸ்லீப்'புக்கு வெறும் எண் என்பதால் தேவைப்படவில்லை.

மூன்றாவது எரர் 9. 'சப்ஸ்கிரிப்ட் அவுட் ஒஃப் ரேஞ்ச்'. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். "நீ சொன்ன பெயரில் ஒருவரும் இங்கே இல்லை" என்பதுதான் அதன் தமிழ். பத்துக்கு எட்டுத் தரம் ஷீட்டின் பெயர் மாறியிருக்கும், அல்லது பெயரின் கடைசியில் ஆரோ ஓர் இடைவெளி தட்டியிருப்பார்கள். இங்கே அக்காவின் மகள், தமிழ்ப் பள்ளியில் படிக்கிற பிள்ளை, புது லப்டொப்புக்கு மாற்றினபோது ஆசையில் ஷீட்டின் பெயரை 'அங்கத்தவர்' என்று தமிழில் மாற்றியிருக்கிறா. கோட் இன்னும் பழைய ஆங்கிலப் பெயரைத்தான் தேடுகிறது.

சரி, கோட்டிலும் தமிழில் மாற்றுவம் என்று ஒட்டினால் வரிசையாகக் கேள்விக்குறிகள். இதை எங்கள் ஆட்கள் எல்லாரும் தெரிந்திருக்க வேண்டும். எக்செல் யூனிகோட் பேசும். விபிஏ எழுதுகிற ஜன்னல் பேசாது. அது விண்டோஸின் பழைய குறியீட்டுப் பக்கங்களைத்தான் நம்புகிறது. ஜப்பானிய மொழிக்கும் அரபுக்கும் அப்படிப் பக்கங்கள் உண்டு. தமிழுக்கு விண்டோஸ் அப்படி ஒன்று செய்யவே இல்லை, நேராக யூனிகோட்தான். அதனால் அந்த ஜன்னலில் தமிழ் நுழையாது, மக்ரோ காட்டுகிற 'மெசேஜ் பொக்ஸ்' பெட்டியிலும் தமிழ் வராது. ஒவ்வொரு எழுத்தாக எண் போட்டு எழுதலாம், 'அ' வுக்கு 2949 என்று. 'அங்கத்தவர்' என்று எழுதி முடிய விடிந்துவிடும். இலேசான வழி, ஷீட்டுக்கு வெளியே தெரியும் பெயரைத் தவிர உள்ளே ஒரு கோட் பெயரும் இருக்கிறது. ஆல்ட், எஃப் 11 அமத்தி விபிஏ ஜன்னலுக்குப் போய், ஷீட்டைத் தெரிவுசெய்து, எஃப் 4 அமத்தினால் முதல் வரியில் இருக்கும். அதை ஆங்கில எழுத்தில் ஒரு நல்ல பெயராக வைத்து, கோட்டில் அந்தப் பெயரைப் பாவித்தால், பிறகு பிள்ளை வெளியில் என்ன பெயர் வைத்தாலும் மக்ரோ கவலைப்படாது. பிள்ளை வைத்த தமிழ்ப் பெயர் அப்படியே இருக்கட்டும்.

(பாமினி எழுத்துருவில் அடித்த பழைய பைல்களில் இந்தக் கேள்விக்குறிப் பிரச்சினை வராது. ஏனென்றால் பாமினி உள்ளே வெறும் ஆங்கில எழுத்துத்தான். எழுத்துரு போட்ட வேசம். மாமாவின் பைலில் 2015 வரைக்குமான பெயர்கள் பாமினி. அதை யூனிகோடுக்கு மாற்றினது தனிக் கதை, தனி எபிசோட்.)

இவ்வளவுக்கும் ஒரு மணித்தியாலம். மக்ரோ ஓடியது, ரசீதுகள் வந்தன, கடைசியில் மொத்தம் 20,305 டொலர் என்று காட்டியது. வலு சந்தோசமாக அக்காவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன்.

அந்தப் பக்கம் சத்தமில்லை.

"என்னக்கா?"

"அதே கணக்குத்தான் தம்பி பழைய லப்டொப்பும் காட்டினது. பாங்கில போட்டது 18,940. ஆயிரத்து முன்னூற்று அறுபத்தஞ்சு டொலர் எங்கை எண்டு மார்கழிக் கூட்டத்தில கேட்டவை. கொம்பியூட்டர் பிழை விடாது எண்டு ஒராள் எல்லாருக்கும் முன்னால சொன்னவர். புது மெசின் சரியாக் காட்டும் எண்டுதான் லப்டொப் வாங்கினனான்." பிறகு, "பரவாயில்லை. நான் என்ர காசிலை போட்டு விடுறன். உந்தக் கதை முடியட்டும்."

எனக்கு நெஞ்சுக்குள் ஏதோ செய்தது. நான் சரிசெய்த மூன்றும் சத்தம் போட்ட பிழைகள். நாலாவது ஒன்று சத்தமே போடாமல் இருக்கிறது. "அக்கா, இரண்டு நாள் பொறுங்கோ, காசு ஒண்டும் போட்டிடாதேங்கோ" என்று சொல்லி வைத்தேன்.

இப்படியான இடத்தில் கோட்டுக்குள் முதலில் பாயக்கூடாது என்பது நான் சூடுபட்டுக் கற்றது. ஷீட்டைப் பார்க்க வேண்டும். தொகை நிரலின் கீழே ஒரு வெறும் செல்லில் சாதாரண 'சம்' சூத்திரம் போட்டேன். 18,625. வங்கியில் 18,940, மக்ரோவில் 20,305, எக்செலின் சொந்தக் கூட்டலில் 18,625. ஒரே நிரலுக்கு மூன்று மொத்தம்! பாங்கை விடக் குறைவாக ஒன்று வந்ததும் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது: அக்கா காசு எடுத்திருந்தால் இந்த இரண்டாவது வித்தியாசம் வராது. நிரலுக்குள்தான் ஏதோ இருக்கிறது.

'சம்' எழுத்துகளைக் கண்டால் பேசாமல் தாண்டிப் போகும். எனவே நிரலில் எழுத்து இருக்கிறதா என்று பார்க்க இரண்டு சூத்திரம்: 'கவுண்ட்ஏ' வெறுமையில்லாத செல்களை எண்ணும், 'கவுண்ட்' எண்களை மட்டும் எண்ணும். ஒன்று 611 என்றது, மற்றது 604. ஏழு செல்லில் இருப்பது எண் இல்லை. கண்ணாலும் பிடிக்கலாம், வேறு அமைப்பு ஒன்றும் செய்யாவிட்டால் எண்கள் செல்லின் வலது பக்கம் ஒதுங்கும், எழுத்துகள் இடது பக்கம். ஒரு செல்லில் '20 காசு', இன்னொன்றில் '20+20', '50 செக்', '20x3' என்று ஏழும் கிடைத்தன.

அக்கா வீடு வீடாகப் போய்க் காசு வாங்கும்போது போனிலேயே பதிந்திருக்கிறா. போன் எக்செலில் மக்ரோ ஓடாது, அதனால் அங்கே ஒரு எச்சரிக்கையும் வந்திருக்காது. பெரிய பிழை ஒன்றும் இல்லை. கொப்பியில் எழுதுகிற எவரும் அப்படித்தான் எழுதுவார்கள்.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம். மாமாவின் கோட் ஒவ்வொரு செல்லையும் 'சிடபிள்' என்கிற கட்டளையால் எண்ணாக மாற்றுகிறது. அதனிடம் '20 காசு' என்று கொடுத்தால் அது மறுத்து, எரர் 13, 'டைப் மிஸ்மச்' என்று கத்தி நின்றிருக்க வேண்டும். ஏன் நிற்கவில்லை?

கோட்டின் உச்சிக்குப் போனேன். இரண்டாவது வரி:

ஒன் எரர் ரெசியூம் நெக்ஸ்ட்

பிழை வந்தால் கவலைப்படாதே, அடுத்த வரிக்குப் போ. அதற்குப் பக்கத்தில் மாமா ஒரு குறிப்பு எழுதியிருந்தார். மேற்கோள் குறி ஒன்று போட்டு, ஆங்கில எழுத்தில், தமிழ்ச் சொல்லாக: 'தம்பி சொன்னது, மார்ச் 2011'.

அந்தத் தம்பி நான்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் கணினி இரண்டாம் வருசம். பரீட்சைக் காலம், நூலகத்தில் இருக்கிறேன். மாமா போன் எடுக்கிறார். "தம்பி, ஏதோ பதின்மூண்டு எண்டு வந்து நிக்குது. ரசீது அடிக்கோணும், சனம் பாத்துக்கொண்டு நிக்குது." எந்தச் செல்லில் நிற்குது, என்ன எழுதியிருக்குது என்று நான் கேட்கவில்லை. இந்த ஒரு வரியை மேலே எழுதுங்கோ என்று எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லிச் சொல்லி அடித்தார். ஓடிவிட்டது. "நீ பெரிய ஆளடா" என்றார். இரண்டு நிமிசக் கதை. நான் அதை அன்றைக்கே மறந்துவிட்டேன். அவர் மறக்காமல் திகதி போட்டு வைத்திருக்கிறார். கணக்கு எழுதினவர் அல்லவா.

அந்த வரி என்ன செய்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பலர் நினைப்பது போல அது பிழையான வரியை வெறுமனே தாண்டிப் போவது இல்லை. கோட்டின் நடுப்பகுதியைத் தமிழில் எழுதினால் இப்படி:

தொகை = இந்த வரியின் செல்லை எண்ணாக மாற்று
மொத்தம் = மொத்தம் + தொகை
ரசீதில் 'தொகை'யை எழுது, அச்சடி

செல்லில் '20 காசு' இருக்கிறது. முதல் வரி தோற்கிறது. தோற்றதால் 'தொகை' என்கிற பெட்டிக்குள் புதிதாக ஒன்றும் போகவில்லை. பூச்சியமும் ஆகவில்லை. முந்தின ஆளின் தொகை அதற்குள் அப்படியே கிடக்கிறது. அடுத்த வரி அதை எடுத்து மொத்தத்தில் கூட்டுகிறது, அதற்கடுத்த வரி அதை இந்த ஆளின் பெயரில் ரசீதாக அடிக்கிறது.

ஊகமாக இருக்கக் கூடாது என்று ஓட்டிப் பார்த்தேன். இதற்குக் கோட்டில் கை வைக்கத் தேவையில்லை. விபிஏ ஜன்னலில் 'டூல்ஸ்', 'ஒப்ஷன்ஸ்', 'ஜெனரல்' பக்கம். அங்கே 'பிரேக் ஒன் ஓல் எரர்ஸ்' என்று ஒரு தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் கோட் என்ன சொன்னாலும் கேட்காமல், ஒவ்வொரு பிழையிலும் எக்செல் நிற்கும். வேலை முடிந்ததும் பழையபடி மாற்றி வைக்க மறக்காதீர்கள். எஃப் 5 அமத்தினேன். 41ஆம் வரியில் நின்றது. மஞ்சள் கோடு விழுந்த வரியில் 'தொகை'யின் மேல் மவுஸைக் கொண்டுபோனால் அதற்குள் இருப்பது தெரியும்: 500. செல்லின் மேல் கொண்டுபோனால், "20 ????" என்று வந்தது. தமிழ் தெரியாத ஜன்னல். 'காசு' அதுக்கு நாலு கேள்விக்குறி. முந்தின வரியில் ஒருவர் தாயின் திவசத்துக்கு 500 டொலர் தந்திருக்கிறார். அந்த 500 அடுத்த வரிக்காரரின் பேரிலும் ஒரு தரம் ஏறிவிட்டது.

மிச்சம் ஆறையும் இதே மாதிரிப் பார்த்துத் தாளில் எழுதினேன். இருபதுக்கு 500, நாற்பதுக்கு 100, ஐம்பதுக்கு 20, இருபதுக்கு 1,000, நூறுக்கு 20, இருபத்தைந்துக்கு 20, அறுபதுக்கு 20. உண்மையில் வந்தது 315. மக்ரோ ஏற்றினது 1,680. வித்தியாசம் 1,365. சதம் பிசகவில்லை. 'சம்' அந்த 315ஐயும் விட்டதால்தான் அது பாங்கை விட 315 குறைந்தது. மூன்று மொத்தமும் ஒரு புள்ளியில் வந்து சேர்ந்தன.

இரவு பதினொன்றரை. அந்த நேரத்தில் போன் எடுத்தால் ஊரில் ஆருக்கோ ஏதோ என்று பயப்படுவா என்று தெரிந்தும் எடுத்தேன். சொன்னேன். வரியைச் சொன்னது ஆர் என்பதையும் சொன்னேன். கனநேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அப்ப நூறு தந்தவர் இருபதுக்கு ரசீது வந்திருக்கு எண்டு கோபிச்சது உதுதானோ? நான் கையால எழுதிக் குடுத்தனான்" என்றா. ஆயிரத்துக்கு ரசீது கிடைத்தவர் மட்டும் ஒன்றுமே சொல்லவில்லையாம். அதைச் சொல்லும்போது சிரிப்பு வந்துவிட்டது அவவுக்கு.

அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு நானும் போனேன். ஏழு வரியும் அச்சடித்த தாளை எல்லாருக்கும் கொடுத்தேன். கொம்பியூட்டர் பிழை விடாது என்று சொன்னவர் தாளை இரண்டு தரம் கூட்டிப் பார்த்தார். "சரிதான்" என்றார். அக்காவிடம் வேறொன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

கோட்டுக்கு வருகிறேன். முதல் யோசனை, 'சிடபிள்'ளுக்குப் பதிலாக 'வால்' என்கிற கட்டளையைப் போடுவது. அது செல்லின் தொடக்கத்திலிருந்து எண் இருக்கிற மட்டும் வாசித்து, எழுத்து வந்ததும் நிறுத்திக்கொள்ளும். '20 காசு' என்றால் 20 வரும், எரரும் வராது. கேட்க அருமையாக இருக்கிறதா? '20+20' என்றாலும் அது 20தான் சொல்லும். '1,000' என்று எழுத்தாகக் கிடந்தால் காற்புள்ளியில் நின்று 1 என்று சொல்லும். ஆயிரம் டொலர் தந்தவருக்கு ஒரு டொலர் ரசீது. திரும்பவும் சத்தமில்லாத பிழை. ஒரு தரம் போதும்.

கடைசியில் செய்தது மிகச் சாதாரணம். அந்த வரியை எடுத்தேன். ரசீது அடிக்கத் தொடங்குவதற்கு முன்னால் நிரல் முழுவதையும் ஒரு தரம் 'இஸ்நியூமெரிக்' போட்டுச் சரிபார்க்கிற ஒரு சின்ன லூப். எண் இல்லாத செல் ஒன்று இருந்தாலும் அதைச் சிவப்பாக்கி, ஷீட்டின் உச்சியில் ஒரு செல்லில் தமிழில் "இந்த வரியைப் பாருங்கோ" என்று காட்டி நின்றுவிடும். ஒரு ரசீதும் அடிக்காது. (அந்தத் தமிழ் வசனத்தை ஒளித்த ஒரு ஷீட்டில் எழுதி வைத்து, மக்ரோ அங்கிருந்து எடுக்கிறது. மெசேஜ் பொக்ஸின் கேள்விக்குறிகளிலிருந்து தப்ப அது ஒரு வழி.) வெறுமையான செல்லையும் 'இஸ்நியூமெரிக்' எண் என்றுதான் சொல்லும், அதனால் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். லூப்பின் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் 'தொகை'யைப் பூச்சியமாக்குகிறேன். மொடியூலின் உச்சியில் 'ஒப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' போட்டேன். போட்டதும் மாமா ஓர் இடத்தில் மாறியின் பெயரை எழுத்துப் பிழையோடு எழுதியிருந்தது வெளியில் வந்தது. நல்ல காலம், அது பாவனையில் இல்லாத துண்டு. அக்காவுக்காகத் தொகைக்குப் பக்கத்தில் 'குறிப்பு' என்று ஒரு நிரல்.

'ரெசியூம் நெக்ஸ்ட்' கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. இப்படி ஒரு ஷீட் இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பது போன்ற இடத்தில், தோற்பதே ஒரு பதிலாக இருக்கும்போது, அது சரியான கருவி. மேலே அந்த வரி, நடுவில் ஒரே ஒரு கட்டளை, உடனே 'எர்.நம்பர்' என்ன என்று பார்க்க வேண்டும், பிறகு 'ஒன் எரர் கோடு சீரோ' போட்டு மூட வேண்டும். உச்சியில் போட்டு அப்படியே விட்டால் அந்த மக்ரோ முடியும் மட்டும் அது வாய்க்குத் துணி. அது கூப்பிடுகிற மற்ற மக்ரோக்களில் வருகிற பிழையும், அங்கே தனி ஏற்பாடு இல்லாவிட்டால், இங்கேதான் வந்து அமுங்கும்.

உங்கள் கோயில், பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பள்ளி, எங்கேயாவது இப்படி ஒரு பைல் ஓடிக்கொண்டிருக்கும். ஆல்ட், எஃப் 11 அமத்தி, கன்ட்ரோல், எஃப் அமத்தி, அந்த வரியைத் தேடிப் பாருங்கள். தேடும்போது 'தற்போதைய ப்ரொஜெக்ட்' முழுவதும் என்று தெரிவுசெய்ய வேண்டும். அதற்கு முன் பைலுக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், சேமிக்கும்போது எக்ஸ்எல்எஸ்எம் வகையாகச் சேமியுங்கள். எக்ஸ்எல்எஸ்எக்ஸ் என்று சேமித்தால் மக்ரோ முழுக்கப் போய்விடும்.

எனக்கு நித்திரை வராமல் செய்தது 2023 இல்லை. அதற்கு முந்தின பன்னிரண்டு வருசம். அந்த வரி 2011இலிருந்து இருக்கிறது. பழைய வருசங்களுக்கும் அதே 'கவுண்ட்' கணக்கைப் போட்டேன். மாமா கவனமான ஆள், இரண்டே இரண்டு செல். 2011இல் ஒன்று: காசு தராத ஒருவரின் செல்லில் வெறும் கோடு ஒன்று. நான் போனில் கேட்டிருந்தால் ஒரு நிமிசத்தில் பிடித்திருக்கக்கூடிய கோடு. அதற்கு 20 டொலர் கூடியிருக்கிறது. 2014இல் மற்றது, 20க்குப் பதிலாக 100, 80 டொலர் கூட.

மாமியிடம் போய் மாமாவின் பழைய கொப்பிகளைக் கேட்டேன். கட்டி வைத்திருந்தா. 2011 கடைசிப் பக்கம், அவருடைய சாய்ந்த எழுத்தில்: "வித்தியாசம் 20. நான் போட்டது." 2014 கடைசிப் பக்கம்: "வித்தியாசம் 80. மூன்று தரம் பார்த்தும் பிடிபடவில்லை. நான் போட்டது."

என்னிடம் கேட்டிருக்கலாம். அந்த நேரம் நான் வேலைக்குச் சேர்ந்து, போன் எடுத்தால் "பிறகு எடுக்கிறன் மாமா" என்று சொல்லுகிற ஆளாக இருந்தேன்.

நூறு டொலரையும் மாமியிடம் திருப்பிக் கொடுப்பது என்று கூட்டத்தில் ஒத்துக்கொண்டார்கள். கொண்டுபோனேன். மாமி வாங்கவில்லை. "அவரின்ர பேரில சங்கத்துக்கே போடு ராசா. ரசீது மட்டும் கொண்டு வந்து தா."

அக்காவிடம் கொடுத்தேன். அவ வாசலிலேயே நின்று போனில் பதிந்தா. இரவு லப்டொப்பில் மக்ரோவை ஓட்டியிருக்கிறா. பத்து நிமிசத்தில் போன்.

"தம்பி, சிவப்பா வந்து நிக்குது. ஒரு ரசீதும் அடிக்குதில்லை."

"அக்கா, அந்தச் செல்லில என்ன எழுதியிருக்கிறியள்?"

"நூறு..." என்று தொடங்கி நிறுத்தினா. பிறகு சிரிக்கிறா. "'100 மாமாவின்ர' எண்டு எழுதிப்போட்டன் தம்பி. பொறும், பேரைக் குறிப்புக்கு மாத்துறன்."